முப்புரி கண்ட இராமச்சந்திரன்

பட்டுக்குச் சாயம் தோய்ப்பது எங்கள் குடும்பத் தொழில். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது, கொதிக்கும் சாயநீர் தெறித்து அப்பாவின் முன்கை வெந்துவிட்டது. மருத்துவர் புண்ணைக் கழுவி, எண்ணெய்த் தாள் போன்ற மெல்லிய ஏடு ஒன்றை அதன்மேல் படிய வைத்தார். கொலாஜன் என்ற புரதத்தால் ஆனதாம். மாட்டுத் தோலிலிருந்து எடுத்துத் தூய்மை செய்தது என்றதும் அம்மா முகம் சுளித்தாள். இரண்டு வாரத்தில் புதுத் தோல் படர்ந்த பிறகே அந்த முகம் தெளிந்தது. அப்புரதத்தின் உள்ளமைப்பை ஆராய்ந்து உலகுக்கு உரைத்தவர் சென்னையில் பணியாற்றிய ஒரு பேராசிரியர் என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

அவர்தாம் ஜி. என். இராமச்சந்திரன். 1922 அக்டோபர் 8இல் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமன் அவரைத் தம் துறைக்கே இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ் சென்று முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். முப்பதே வயது!

அவ்வமயம் சென்னைக்கு வந்த ஆங்கில அறிஞர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விளங்காத புதிராக இருப்பதை எடுத்துரைத்தார். நம் தோல், எலும்பு, தசைநாண் யாவற்றுக்கும் பாவு போல அமைந்தது கொலாஜன். மேல்தோலின் அடியடுக்கில் குருத்தணுக்கள் உள்ளன. பழைய அணுக்கள் உதிர உதிரப் புதியவற்றை ஈன்று தருபவை இவையே. காயம்பட்ட இடத்தில் புதிய அணுக்கள் பற்றிப் படரவும் ஒரு தாங்கல் வேண்டும். அப்பாவின் கையில் ஒட்டிய ஏடு செய்த வேலை அதுதான்.

சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதனுள் எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுத்தனர். மூன்று இழைகள் சேர்ந்ததே கொலாஜன் என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். மறு ஆண்டு அக்கருத்தைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுகியிருப்பதாகக் காட்டினர். ஒவ்வோர் இழையும் இடப்புறம் முறுகியது. மூன்றும் சேர்ந்து வலப்புறம் முறுகியவை. இதை நான் அப்பாவிடம் விளக்கப் புகுந்தேன். அவரோ வியக்கவே இல்லை. தேர்வடம் வேறு எப்படித் திரிப்பார்கள், ஒரே பக்கமாக முறுக்கினால் பிரிந்துவிடாதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். இழைகள் நெருங்கும் நடுப்பகுதியில் இடம் மிகக் குறைவு. ஆகவே மூன்றில் ஓரிடத்தில், அமினோ அமிலங்களிலே மிகச் சிறிய கிளைசின்தான் அங்கே பொருந்தும்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. கிரிக், ரிச் ஆகிய இருவரும், சென்னை அமைப்பில் சில அணுத்துகள்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் இணைப்புகள் இரண்டல்ல, ஒன்றே என்பதும் அவர்கள் வாதம். மூன்றிழை அமைப்பு நிலைத்தது. இணைப்பின் எண்ணிக்கையில் எதிர்த்தரப்பின் கருத்தே பின்னாளில் வலுப்பெற்றது. இதை மறைத்து அவரைப் போற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. ஏனெனில் அவர் சோர்ந்து ஒதுங்கவில்லை. அணுத்துகள்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற கேள்வியையே கையிலெடுத்தார். வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் சலித்து அளவுகளைத் திரட்டினார். 1963இல் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம் அதன் விளைவு. புரத இழை எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப இயலாது என்பதை அது காட்டும். எந்நாட்டில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அது சரிதானா என்று இன்றும் இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்தே பார்க்கிறார்கள்.

1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் அவர் வகுத்த கணித முறை, உடலின் குறுக்குவெட்டுப் படமெடுக்கும் ஸ்கேன் கருவிக்குப் பயன்பட்டது. அது தனிக் கட்டுரைக்கு உரியது. 1977இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு வரவில்லை. முதுமையில் நடுக்குவாதம் அவரை வாட்டியது. 1998இல் மனைவி இராஜலட்சுமி மறைந்தார். மறு ஆண்டு பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் எவால்ட் பரிசை வழங்கியது. 2001 ஏப்ரல் 7இல் சென்னையில் காலமானார்.