மேன்ஹோலுக்குள் இறங்கிய கணக்கு வாத்தியார்

போன செமஸ்டர்ல எங்க லேப் சர்வர்ல ஒரு 10ஜி நெட்வொர்க் கார்டு போட்டோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். கேம்பஸ் டிராஃபிக்கை ஒரு விநாடி விடாம பிடிச்சு வைக்கணும். பழைய 1ஜி கார்டு பாக்கெட்டை விட்டுட்டே இருந்துச்சு, அதனால செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார்டு வாங்கினோம். மாட்டுறதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ஸ்லாட் பார்க்க நீளமா இருந்தாலும் உள்ள நாலு லேன் தான் இருக்கலாம், அதை மட்டும் மதர்போர்டு மேனுவல்ல பார்த்துக்கணும். டிரைவர் ஏறிச்சு, லிங்க் லைட் எரிஞ்சுது, ஸ்பீடு 10,000னு காட்டுச்சு. எல்லாரும் டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்து பார்த்தா, விட்டுப்போன பாக்கெட் எண்ணிக்கை ஏறிட்டே இருக்கு. சராசரி டிராஃபிக் ஒரு ஜிகாபிட்டைக் கூட எட்டல. ரோடு பத்து மடங்கு அகலம், வண்டி கொஞ்சம் தான், அப்புறம் ஏன் விபத்து?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுறப்போ தான் எனக்கு எர்லாங் உண்மையிலேயே யாருன்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் அவர் பரீட்சையில ரெண்டு மார்க் கேள்விக்கு வர்ற ஒரு யூனிட். ஓம், வோல்ட் மாதிரி. அதுக்குப் பின்னால ஒரு ஆள் இருந்திருப்பார்னு நினைச்சுக்கூடப் பார்த்ததில்ல.

ஆக்னர் க்ராருப் எர்லாங் 1878 ஜனவரி 1 அன்று டென்மார்க்கின் மேற்குப் பக்கம், லோன்போர்க் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா அந்த ஊர் பள்ளிக்கூட வாத்தியார். அம்மா வழியில் ஒரு பெரிய முன்னோர் உண்டு: தாமஸ் ஃபின்கே. டேன்ஜென்ட், சீகன்ட் என்கிற பெயர்களை நமக்குக் கொடுத்த 16ஆம் நூற்றாண்டு கணித ஆள். (பிளஸ் ஒன்ல நம்மைப் படுத்தின பெயர்கள் தான்.) பையனுக்குச் சின்ன வயசில் ஒரு விளையாட்டு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே புத்தகத்தை வாசிப்பார்கள். எர்லாங் பக்கம் எழுத்து தலைகீழா இருக்கும், அப்படியே வாசிச்சுப் பழகிக்கொண்டார்.

14 வயசில் கோபன்ஹேகன் போய்ப் பரீட்சை எழுதினார். வயசு பத்தாததால் தனி அனுமதி வாங்கித்தான் எழுத முடிந்தது. நல்லாவே பாஸ் ஆனார். அப்புறம் ரெண்டு வருஷம் அப்பா பள்ளியிலேயே உதவி வாத்தியார். வசதியான குடும்பம் இல்லை. 1896இல் ஸ்காலர்ஷிப் கிடைச்சு கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1901இல் கணிதத்தில் எம்.ஏ. முடிச்சதும் மறுபடியும் வாத்தியார் வேலை தான், பல பள்ளிகளில், ஏழு வருஷம். கேம்பஸ் ப்ளேஸ்மென்ட்ல பேர் வரலைன்னு ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருக்கிற நண்பர்கள் இந்த ஏழு வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்கவும்.

கணித ஆர்வலர்கள் கூடும் சங்கக் கூட்டங்களுக்கு அவர் விடாமல் போய்க்கொண்டிருந்தார். அங்கே தான் யோஹான் யென்சனைச் சந்தித்தார். யென்சன் சமனின்மை என்று புத்தகத்தில் வருகிறதே, அதே யென்சன். அவருக்குச் சோறு போட்ட வேலை கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் தலைமை எஞ்சினியர். அவர் எர்லாங்கை கம்பெனி நிர்வாக இயக்குநர் யோஹான்சனிடம் அறிமுகப்படுத்தினார். யோஹான்சனுக்கு டெலிபோன் பிரச்சனைகளில் நிகழ்தகவுக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் ஆசை ஏற்கெனவே இருந்தது. 1908இல், 30 வயசில், எர்லாங் கம்பெனியில் சேர்ந்தார்.

மூளைக்காரர், ஏசி ரூமில் உட்கார்ந்து பேனா பிடிச்சிருப்பார் என்று நினைச்சால் தப்பு. ஆரம்பத்தில் அவருடைய லேபில் உதவிக்கு ஆள் கிடையாது. கேபிள்களில் ஒழுகும் மின்னோட்டத்தை அளக்க அவரே தெருவில் இறங்கினார். ஏணி தூக்கிக்கொண்டு ஒரு தொழிலாளி கூட வர, கோபன்ஹேகன் தெருக்களில் மேன்ஹோல் மேன்ஹோலாக இறங்கி ஏறுகிற எம்.ஏ. கணிதக்காரரை ஊரே பார்த்தது. எனக்கு அவரைப் பிடிச்சுப் போனது இந்த இடத்தில் தான். சர்வர் ரேக்குக்குப் பின்னாடி தலையை விட்டுக் கேபிள் தேடுறது கௌரவக் குறைச்சல்னு நினைக்கிற ஒரு செட் எங்க வகுப்பிலயும் உண்டு.

கம்பெனியின் பிரச்சனை இது தான். ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு எத்தனை லைன் போடணும், எத்தனை ஆபரேட்டர் வைக்கணும்? அதிகமாப் போட்டால் காசு வீண். குறைச்சலாப் போட்டால் லைன் கிடைக்காமல் சந்தாதாரர் திட்டுவார். யார் எப்போ கூப்பிடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணை எப்படிக் கணக்குப் போட?

1909இல் எர்லாங் ஒரு கட்டுரை வெளியிட்டார். தனித்தனி ஆட்கள் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாமல் கூப்பிட்டால், குறிப்பிட்ட நேரத்தில் வரும் கால்களின் எண்ணிக்கை பாய்சான் பரவலில் அமையும் என்று காட்டினார். அதாவது ஒவ்வொரு காலும் எப்போ வரும்னு சொல்ல முடியாது, ஆனா கூட்டம் எப்படி நடந்துக்கும்னு சொல்ல முடியும். 1917இல் அடுத்த கட்டுரை. எல்லா லைனும் பிஸியாகி ஒரு கால் விழுந்துபோக எவ்வளவு வாய்ப்பு, காத்திருந்தால் எவ்வளவு நேரம் காக்கணும் என்று சூத்திரமே கொடுத்துவிட்டார். பிரிட்டிஷ் போஸ்ட் ஆஃபீஸ் அதை எடுத்துக்கொண்டு தன் எக்ஸ்சேஞ்சுகளைக் கணக்கிட்டது. அவர் கட்டுரைகளை மூலத்திலேயே படிக்க பெல் லேப்ஸ் ஆராய்ச்சியாளர் ஒருத்தர் டேனிஷ் மொழியே கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அந்தச் சூத்திரத்தில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மணிக்கு 100 கால், ஒவ்வொண்ணும் சராசரி 6 நிமிஷம். மொத்தம் 600 நிமிஷம், அதாவது 10 லைன் முழு மணி நேரமும் பிஸியா இருக்கிற அளவு. இதைத்தான் இன்னைக்கு 10 எர்லாங்னு சொல்றோம். சரி, 10 லைன் போட்டால் போதும்னு தானே தோணும்? போதாது. நூறு கால்ல 21 கால் விழுந்துடும். 15 லைன் போட்டால் 4க்குக் கீழே வரும். 18 போட்டால் தான் ஒண்ணுக்குக் கீழே போகும். ஏன்னா கால்கள் வரிசையா, இடைவெளி விட்டு வர்றதில்ல. சில நேரம் மொத்தமா வரும், சில நேரம் யாருமே வரமாட்டாங்க. யாரும் வராத நிமிஷத்தைச் சேமிச்சு வைச்சு, கூட்டம் வர்ற நிமிஷத்துல செலவழிக்க முடியாது.

நெல்லையப்பர் கோவில் எதிர்ல இருட்டுக்கடை அல்வாவுக்குச் சாயங்காலம் நிக்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். எடை போடுற கை ஓயாம ஓடும், வரிசையும் தெருவுல நீண்டுட்டே இருக்கும். ஒரே கவுண்டர், ஆட்கள் அவங்கவங்க இஷ்டத்துக்கு வர்றாங்கன்னு வைங்க. கவுண்டர் பாதி நேரம் பிஸின்னா, காத்திருந்து வாங்கிட்டுப் போக சராசரியா ஒரு ஆளுக்கு எடை போடுற நேரத்தைப் போல 2 மடங்கு ஆகும். 90 சதவீதம் பிஸின்னா 10 மடங்கு. 99ன்னா 100 மடங்கு.

இப்போ எங்க கார்டுக்கு வர்றேன். 10ஜி வேகத்தில் 1500 பைட் பாக்கெட்டுகள் நெருக்கமா வந்தால் விநாடிக்கு 8 லட்சத்துக்கு மேல. கார்டு அதையெல்லாம் ரிங் பஃபர் என்ற இடத்தில் போட்டு வைக்கும், சிபியு வந்து அள்ளிக்கணும். எங்க டிரைவர்ல அந்த ரிங் அளவு 512. சிபியு 0.6 மில்லிசெகண்ட் வேற வேலையா இருந்தால் போச்சு, நிரம்பிடும். சராசரி என்னவோ குறைவு தான், ஆனா வர்றது கொத்துக் கொத்தா வருது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை வேற மாதிரி சொல்லலாம். தாமிரபரணி கால்வாய்கள் குளத்துக்குக் குளம் நிரப்பிட்டுப் போகுது. குளம் தான் பஃபர். மடை வழியா வயலுக்குப் போறது சிபியு. குளம் பெருசா இருந்தால் ஒரு நாள் மழையைத் தாங்கும். ஆனா மடையில போறதை விட வர்ற தண்ணி தொடர்ந்து அதிகம்னா எவ்வளவு பெரிய குளமும் மறுகால் பாயத்தான் செய்யும். நாங்க முதல்ல குளத்தைத் தான் வெட்டினோம். ஈத்டூல் கமாண்ட்ல ரிங் அளவை 4096 ஆக்கினோம். குறைஞ்சுது, நிக்கல. அப்புறம் தான் பார்த்தோம், கார்டின் எல்லா இன்டரப்ட்டும் ஒரே கோர்ல போய் விழுது. எட்டு கோர் இருக்கு, ஏழு சும்மா உட்கார்ந்திருக்கு. எட்டு க்யூவையும் எட்டு கோருக்குப் பிரிச்சு விட்டதும் எண்ணிக்கை நின்னுபோச்சு.

முழுசா இல்ல. எர்லாங் கணக்குப்படி பிரிச்சு வைக்கிறதை விடச் சேர்த்து வைக்கிறது நல்லது. 5 எர்லாங்குக்கு 10 லைன்னா 1.8 சதவீதம் விழும். 10 எர்லாங்குக்கு 20 லைன் ஒண்ணாச் சேர்த்து வைச்சால் 0.19 தான். பத்தில் ஒரு பங்கு! ஆனா கார்டால அப்படிச் சேர்க்க முடியாது. ஒரே கனெக்ஷனின் பாக்கெட்டுகள் வரிசை மாறாம இருக்கணும்னு ஒவ்வொரு கனெக்ஷனையும் ஒரே க்யூவுக்கு அனுப்பும். யாராவது பெரிய ஃபைல் ஒண்ணை இறக்கினால் ஒரு கோர் மட்டும் மூச்சு முட்டும், பக்கத்துக் கோர் வேடிக்கை பார்க்கும். இதுக்கு நாங்க இன்னும் சரியான வழி கண்டுபிடிக்கல.

எர்லாங் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பாத்தியம் புத்தகங்களுக்கும், உதவி கேட்டு வந்தவர்களுக்கும் போனது. கஷ்டப்பட்டவர்கள் அவரைத் தேடி லேபுக்கே வருவார்களாம். கிட்டத்தட்ட 20 வருஷம் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் கூட லீவு போடாமல் வேலை பார்த்தவர், 1929 ஜனவரியில் வயிற்று ஆபரேஷனுக்காக மருத்துவமனை போனார். பிப்ரவரி 3 அன்று இறந்தார். 51 வயசு. டெலிபோன் டிராஃபிக்கின் அளவுக்கு அவர் பெயரை வைத்தது 1946இல். 1986இல் எரிக்சன் கம்பெனியில் பிறந்த ப்ரோக்ராமிங் மொழிக்கும் அதே பெயர். வாட்ஸ்அப் சர்வர்கள் ஓடுவது அந்த மொழியில் தான்.

அவர் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒருத்தர் கூப்பிடுறதுக்கும் இன்னொருத்தர் கூப்பிடுறதுக்கும் சம்பந்தம் இல்லை என்பது தான் அதன் அஸ்திவாரம். கம்ப்யூட்டர்கள் அப்படிப் பேசுவதில்லை. 1990களில் பெல்கோர் ஆராய்ச்சியாளர்கள் ஈதர்நெட் டிராஃபிக்கை அளந்து, அது பாய்சான் போல நடக்கவில்லை, எவ்வளவு நீண்ட நேரத்துக்குச் சராசரி எடுத்தாலும் கொத்துக் கொத்தாகத்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். சில நாட்களில் மனிதர்களும் அப்படித்தான்.

2023 டிசம்பர் 17. நான் ரெண்டாம் வருஷம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை உடைச்சு ஓடுது, செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பயணிகளோட ஸ்ரீவைகுண்டத்தில் நிக்குது. எங்க ஆச்சி வீடும் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் தான். கரண்ட் போய் டவர்கள் ஒண்ணொண்ணா விழுந்துபோச்சு. மிச்சம் இருந்த கொஞ்ச லைனுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே காரணத்துக்காக மோதினோம். அன்னைக்கு யாரும் யாருக்கும் சம்பந்தமில்லாதவங்க இல்ல. அம்மா ஒரு போன், அப்பா ஒரு போன், நான் ஒரு போன். கட் ஆக ஆக மறுபடியும் அழுத்துறோம். விழுந்துபோன கால் போயே போச்சுன்னு தான் எர்லாங் கணக்கு. அன்னைக்கு விழுந்த ஒவ்வொரு காலும் உடனே திரும்பி வந்து வாசல்ல நின்னுச்சு. நாங்க அழுத்தின ஒவ்வொரு தடவையும் வேற யாரோ ஒருத்தருக்கு லைன் கிடைக்கிறதைத் தள்ளிப் போட்டிருக்கும், அது அப்போ எனக்குத் தெரியாது. மூணாம் நாள் சாயங்காலம் ஆச்சி கிட்ட பேச முடிஞ்சுது. மாடியில பக்கத்து வீட்டுக்காரங்களோட இருந்தாங்களாம். நான் சாப்பிட்டேனான்னு தான் முதல்ல கேட்டாங்க.