கல்கத்தா குளத்தில் காலராவைக் கண்டவர்

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட ராபர்ட் கோக் என்று சொல்லிவிடும். ஒரு மார்க் கேள்வி. நானும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். ஆனால் அந்த ஜெர்மானியர் நம் நாட்டுக்கு வந்து, கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரை மொண்டு பார்த்தவர் என்பதும், குழாயில் வரும் தண்ணீருக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு என்பதும், சிவில் பிரிவில் சேர்ந்து குடிநீர்ப் பாடம் படிக்கும்போதுதான் தெரிந்தது. அக்னி நட்சத்திரம் வந்தால் வாந்தி, பேதி, மஞ்சள் காமாலை என்று வீட்டுக்கு ஒருவர் படுக்கிற ஊர்க்காரன் நான். அதனால் அவருடைய காசநோய்க் கதையை விட்டுவிட்டுத் தண்ணீர்க் கதையை எழுதுகிறேன்.

கோக் 1843 டிசம்பர் 11-ல் கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் ஏகப்பட்ட பிள்ளைகள். 1866-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு ஹாம்பர்க் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தபோது முதன்முதலாகக் காலராவை நேரில் பார்த்தார். பிறகு வோல்ஸ்டைன் என்ற சின்ன ஊரில் அரசு வைத்தியர். லேப் கிடையாது, மானியம் கிடையாது. நோயாளிகளைப் பார்க்கிற அறையிலேயே ஒரு பக்கத்தை ஒதுக்கி, ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்துக்கொண்டு, மாடுகளைக் கொல்லும் ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமியை ஆராய்ந்தார். 1876-ல் அதை நிரூபித்தபோது பெரிய பேராசிரியர்களே அசந்துபோனார்கள். நம் லேபில் உடைந்த பிப்பெட்டுக்காகப் புலம்புகிற நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது!

1880-ல் பெர்லினுக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கே அவருக்கு இருந்த பெரிய தலைவலி, ஒரு கிருமியை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியாக வளர்ப்பது. ஜெலட்டின் கூழில் வளர்த்தார். கோடையில் அது உருகி ஓடிவிடும். அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி, சமையலுக்குப் பயன்படுத்தும் அகர் அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ரம்ஜான் நோன்புக்கு முஸ்லிம் நண்பர்கள் வீட்டில் கடற்பாசி என்று வெட்டித் தருவார்களே, அதேதான்! அது வெயிலுக்கு உருகாது. இன்றைக்கும் தண்ணீர் பரிசோதிக்கும் தட்டுகளில் இருப்பது அதுதான். ஒரு அம்மாவின் சமையலறையிலிருந்து வந்த விஷயம், அவர் பெயரைப் பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

1883-ல் எகிப்தில் காலரா பரவியது. கோக் ஒரு குழுவோடு அலெக்சாண்டிரியாவுக்குப் போனார். பிரான்ஸ் குழுவும் வந்திருந்தது. அதில் துயில்லியே என்ற 27 வயது இளைஞர் காலராவிலேயே இறந்துபோனார். எகிப்தில் நோய் தணிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். கோக் திரும்பவில்லை. நோய் எங்கே விடாமல் இருக்கிறதோ அங்கே போக வேண்டும் என்று கப்பல் ஏறி, 1883 டிசம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். காலராவில் இறந்தவர்களின் குடலில் கமா போல வளைந்த ஒரு கிருமியை மறுபடி மறுபடி பார்த்தார். 1884 ஜனவரியில் அதைத் தனியாக வளர்த்தும் விட்டார். (இத்தாலிக்காரர் பாச்சினி 1854-லேயே இதைப் பார்த்து எழுதியிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை, பாவம்.)

நான் சொல்ல வந்தது குளத்தைப் பற்றி. கல்கத்தாவின் ஓரத்தில் குடிசைகள் சூழ்ந்த ஒரு குளம். அதைச் சுற்றி இருந்தவர்களில் 17 பேர் காலராவில் இறந்தார்கள். அந்தக் குளத்தில்தான் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள், குடிக்கவும் அதையே மொண்டு போவார்கள். முதலில் இறந்த நோயாளியின் துணியும் அங்கேதான் அலசப்பட்டது. கோக் அந்தத் தண்ணீரை எடுத்துப் பார்த்தார். அதே கமா கிருமி! நோய் குறையக் குறையத் தண்ணீரிலும் கிருமி குறைந்தது. அதுவரை கெட்ட காற்று, ஊர் மண்ணின் கோளாறு, எங்கள் ஆயா கணக்குப்படி அம்மன் கோபம் என்று சொல்லப்பட்ட ஒன்று, குளத்துத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தது. பலருக்கும் பிடிக்காத ஒரு உண்மையும் கூடவே வெளியே வந்தது: ஒருவர் வயிற்றிலிருந்து போனது இன்னொருவர் வாய்க்கு வந்திருக்கிறது.

ஆங்கிலேய அரசு இதை லேசில் ஏற்கவில்லை. மனிதரும் தண்ணீரும் காலராவைக் கொண்டுபோகும் என்றால், இந்தியாவிலிருந்து போகும் கப்பல்களை மற்ற நாடுகள் துறைமுகத்தில் நிறுத்திவைக்குமே! அதே 1884-ல் லண்டனிலிருந்து இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் கோக் சொன்னது சரியில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். வியாபாரம் நடுவில் வந்தால் மைக்ராஸ்கோப்புக்கும் கண் மங்கும் போலிருக்கிறது.

எட்டு வருஷம் கழித்து அவர் பக்கம் சாட்சி வந்தது. 1892 ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் காலரா. ஹாம்பர்க் எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டது. ஒட்டியிருந்த அல்டோனா நகரம் அதே ஆற்றில், அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு கீழே, தண்ணீர் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க்கில் சுமார் 8,600 பேர் இறந்தார்கள். அல்டோனாவில் சில நூறு பேர்தான். இரண்டு நகரமும் சந்திக்கும் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் நோய், எதிர்ப்பக்கத்தில் இல்லை. காற்று ஒன்று, மண் ஒன்று, வெயில் ஒன்று. குழாய் மட்டும்தான் வேறு!

சிவில் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். மெதுவாக வடியும் மணல் படுகையில் வேலை செய்வது மணல் மட்டுமில்லை. மேலே சளி மாதிரி ஒரு படலம் படிகிறது. அதில் உள்ள நல்ல உயிரிகள் கெட்டதைத் தின்கின்றன. பார்க்க அருவருப்பாக இருக்கும், காரியம் அதனிடம்தான். வேகம் மணிக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, வடிந்த தண்ணீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கிருமிக்கு மேல் இருக்கக்கூடாது என்று கோக் வரையறுத்தார். தண்ணீர் நல்லதா என்பதற்கு நாக்கும் கண்ணும் போதாது, எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது.

இவ்வளவு பெரியவர் பாலில் சறுக்கினார். 1901-ல் லண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோய் மனிதருக்கு வருவது அபூர்வம், பாலைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம் என்ற கருத்தைச் சொன்னார். நோபல் பரிசு 1905-ல்தான் கிடைத்தது என்றாலும் அப்போதே உலகப் புகழ். அவர் சொன்னால் யார் எதிர்ப்பார்கள்? பிரிட்டன் ஒரு கமிஷன் போட்டுப் பத்து வருஷம் ஆராய்ந்தது. காய்ச்சாத பால் வழியாகக் குழந்தைகளுக்கு அந்த நோய் வருகிறது என்று 1911-ல் முடிவாகச் சொன்னது. கோக் 1910 மே 27-ல் காலமாகிவிட்டார். குளத்துக்கு அவர் கற்றுக்கொடுத்த பாடத்தை, பாலுக்கு மற்றவர்கள் அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டில் ஒரு மாடு இருக்கிறது. நாலு வீட்டுக்கு அம்மா பால் ஊற்றும். கறந்த சூட்டோடு குடித்தால்தான் பிள்ளைக்குத் தெம்பு என்று சொம்போடு வந்து நிற்பவர்கள் இன்றும் உண்டு. 63 டிகிரி சூட்டில் அரை மணி, அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலே காசநோய்க் கிருமி சாகும். அடுப்பில் பொங்கவிட்டால் அதற்கு மேலேயே போய்விடுகிறது. தெம்பு எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் காய்ச்சியதை மூடாமல் வெயில் நாளில் மதியம் வரை வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் கழுவிய கரண்டியை விட்டால் காய்ச்சியதே வீண்.

போன வருஷம் மே மாதம் என் தம்பிக்குப் பேதியாகி மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. எங்கள் தெருவில் ஆறேழு பேருக்கு அதே மாதிரி. எதனால் வந்தது என்று யாரும் தண்ணீரை எடுத்துப் பரிசோதிக்கவில்லை. பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. கல்கத்தாவில் மொண்டு பார்த்து 140 வருஷம் ஆகிறது, எங்கள் தெருவில் மொண்டு பார்க்க ஆள் இல்லை. நான் படித்து வெளியே போனால் அந்த வேலைக்குத்தான் போக ஆசை.

இந்த ஆண்டு சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் நம் யூனியன் சார்பில் நீர்மோர்ப் பந்தல் போடுவதாகப் பேச்சு நடக்கிறது. லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும் ராத்திரி. முதல் நாளே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிவிடலாம், காய்ச்சிய பாலில் உறைந்த தயிர் எங்கள் வீட்டிலும் கொஞ்சம் தருகிறோம், பிடி வைத்த முகவை வேண்டும், டம்ளரை அண்டாவில் முக்கக் கூடாது. ஐஸ் கட்டி உள்ளே வேண்டாம் என்றேன், அது எந்தத் தண்ணீரில் உறைந்ததோ! சூடான மோரை எவன் குடிப்பான் என்று மெக்கானிக்கல் நண்பன் சண்டைக்கு வந்தான். அவன் கேட்டதும் நியாயம்தான். அண்டாவைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, ஐஸைச் சுற்றிலும் கொட்டினால் மோரில் படாமலே குளிரும். அந்த அளவுக்குத் தொட்டி இன்னும் கிடைக்கவில்லை. யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள், சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.