ஏ.கே. கோபாலன்: வாயைக் கட்டிய சட்டத்தோடு ஒரு வழக்கு

நம் கல்லூரியில் படித்துவிட்டு இன்று ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஷிப்ட் பார்க்கும் தம்பிகளில் எத்தனை பேருக்கு ஏ.கே. கோபாலனைத் தெரியும்? சட்டம் படித்த நண்பர்களுக்குக் கூட அவர் ஒரு வழக்கின் தலைப்புதான். ஆனால் மனுஷர் அதைவிடப் பெரியவர்.

1904-ல் வட மலபாரில் பிறந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், வேலையை உதறிவிட்டு உப்பு சத்தியாக்கிரகத்தில் இறங்கி ஜெயிலுக்குப் போனார். குருவாயூர் ஆலயப் பிரவேசப் போராட்டத்தில் தொண்டர் படைக்குத் தலைவர். 1936-ல் கண்ணூரிலிருந்து சென்னைக்குப் பட்டினி ஊர்வலத்தை நடத்தி வந்தார். யுத்த காலத்தில் பிடித்து வேலூர் சிறையில் போட்டார்கள். 1941-ல் அங்கிருந்து தப்பினார். வேலூர் என்றால் நம் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில்தான்! சுதந்திரம் வந்த நாளன்றும் அவர் சிறைக்குள்ளே. வெளியே விட்டு இரண்டு மாதம் ஆவதற்குள், 1947 டிசம்பரில் மறுபடி உள்ளே.

கோர்ட் கொடுத்த தண்டனைகள் ரத்தாகியும் ஆளை விடவில்லை. அரசியல் சட்டம் அமலாகி ஐந்து வாரம்கூட முழுசாக ஆகாத 1950 மார்ச் 1-ஆம் தேதி, புதிய தடுப்புக் காவல் சட்டப்படி உத்தரவு நீட்டினார்கள். அவர் நேரே உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு போட்டார். எம்.கே. நம்பியார் வாதாடினார்.

இங்கேதான் வேடிக்கை. அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவுப்படி, தன்னை ஏன் பிடித்தார்கள் என்று கொடுத்த காரணத்தைக் கைதி கோர்ட்டிலேயே சொல்லக்கூடாது. சொன்னால் அதுவே குற்றம்! அப்புறம் நீதிபதி எதை வைத்து விசாரிப்பார்?

மே 19-ல் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 14-வது பிரிவு செல்லாது என்பதில் ஆறு பேருக்கும் ஒரே கருத்து. மற்றபடி சட்டம் செல்லும், கோபாலன் சிறையிலேயே இருக்கட்டும் என்றது பெரும்பான்மை. 21-வது பிரிவுக்கு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் ஒரு நடைமுறை இருந்தால் போதும், அது நியாயமானதா என்று கோர்ட் பார்க்காது என்று பொருள் சொன்னார்கள். நீதிபதி ஃபஸல் அலி ஒத்துக்கொள்ளவில்லை. நடைமுறையில் நியாயமும் இருக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதினார். என் பார்வையில் அந்த வழக்கிலேயே உருப்படியான பக்கங்கள் அவைதான்.

1952-ல் கோபாலன் மக்களவைக்குப் போனார். தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தார்.

தடுப்புக் காவல் பழங்கதை இல்லை, தம்பிகளே. தமிழ்நாட்டின் 1982-ஆம் வருஷத்துக் குண்டர் சட்டத்தில் பன்னிரண்டு மாதம் வரை விசாரணையின்றி வைக்கலாம். ஆட்கொணர்வு மனுவும் பழங்கதை இல்லை. 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் வேலைநிறுத்தத்தில் கைதானவர்களுக்காகவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் அதைத்தான் போட்டார்கள்.

நெருக்கடி நிலை விலக்கப்பட்ட மறுநாள், 1977 மார்ச் 22-ல் கோபாலன் காலமானார். பத்து மாதம் கழித்து, 1978 ஜனவரியில், மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஃபஸல் அலி சொன்ன பக்கத்துக்கே வந்து சேர்ந்தது.