கோவிலாக மாறிய கொல்லன் பட்டறை

1786-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கடுங்குளிர். பொழுது இன்னும் விடியவில்லை. மணி 5.

செயின்ட் ஜார்ஜ் என்ற மெதடிஸ்டு கோவிலில் ஒரு புதுப் போதகர் பிரசங்கம் செய்தார். வயது 26. கறுப்பர். வெள்ளைக்காரர்கள் வருமுன் கறுப்பர்களுக்குப் பிரசங்கம் செய்ய அவருக்குக் கிடைத்த நேரம் அதுதான்.

ஓரிரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்றுதான் அவர் வந்தார். ஆனால் சாகும்வரை அந்த ஊரிலேயே இருந்துவிட்டார்!

அவர் பெயர் ரிச்சர்ட் ஆலன்.

அடிமைப் பிள்ளை

ஆலன் 1760-ம் ஆண்டு அடிமையாகப் பிறந்தார். சிறு வயதில், குடும்பத்தோடு டெலவேர் பகுதியில் ஒரு பண்ணைக்காரருக்கு விற்கப்பட்டார். பண்ணைக்காரருக்குக் கடன் ஏறியது. அவர் ஆலனின் தாயையும், உடன்பிறந்தார் சிலரையும் வேறு இடத்துக்கு விற்றுவிட்டார். மிஞ்சியவர்களில் ஆலனும், ஓர் அண்ணனும் இருந்தனர்.

அந்தக் காலத்தில் மெதடிஸ்டு போதகர்கள் குதிரை ஏறி ஊர் ஊராகச் சென்றார்கள். வெட்டவெளியிலும், களத்து மேட்டிலும் எளிய பேச்சில் பிரசங்கம் செய்தார்கள். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய சபை அது. ஆலன் 17 வயதில் அதில் சேர்ந்தார்.

பக்தி வந்தால் அடிமை வேலை செய்ய மாட்டான் என்று அக்கம்பக்கத்தார் பேசினார்கள். அந்தப் பேச்சைப் பொய்யாக்க, அண்ணனும் தம்பியும் முன்னைவிட அதிகமாக உழைத்தார்கள். எஜமானரின் மனம் மாறியது. மெதடிஸ்டு போதகர் ஒருவரின் பிரசங்கத்தைக் கேட்டபின், அடிமை வைத்திருப்பது பாவம் என்று அவருக்குப் பட்டது. 2 ஆயிரம் டாலர் கொடுத்தால் விடுதலை என்றார்.

ஆலன் விறகு வெட்டினார். செங்கல் சூளையில் வேலை செய்தார். உப்பு வண்டி ஓட்டினார். 1783-ல் கடைசித் தவணையைக் கட்டி முடித்தார். தன் விலையைத் தானே கொடுத்து மனிதரானார்!

42 பேர்

பிலடெல்பியாவுக்கு வந்த புதுப் போதகருக்கு, சபையை நம்பிப் பிழைக்க மனம் இல்லை. செருப்புத் தைத்தார். புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலும் நடத்தினார். அந்த வருமானத்தில் வாழ்ந்துகொண்டு, சில நாட்களில் நான்கைந்து முறை கூடப் பிரசங்கம் செய்தார். கறுப்பர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். முதல் ஆண்டிலேயே 42 பேர் கொண்ட சபை உருவானது. மறு ஆண்டு நண்பர் அப்சலோம் ஜோன்சுடன் சேர்ந்து, நோயாளிகளுக்கும் விதவைகளுக்கும் உதவ ஒரு சங்கம் அமைத்தார்.

கறுப்பர் கூட்டம் பெருகியது. கோவில் நிர்வாகிகளுக்கு அது பிடிக்கவில்லை. கறுப்பர்கள் மாடிக்குப் போக வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடியில் ஜோன்ஸ் முழங்காலில் நின்று ஜெபித்தார். அது அவருக்கு உரிய இடம் அல்ல என்று ஒரு நிர்வாகி அவரைப் பிடித்து இழுத்தார். ஜெபம் முடியும்வரை பொறுக்கும்படி ஜோன்ஸ் கேட்டார். நிர்வாகி பொறுக்கவில்லை.

ஜெபம் முடிந்தது. கறுப்பர்கள் அனைவரும் ஒன்றாக எழுந்து வெளியேறினார்கள்.

விட்டுக்கொடுத்த பதவி

சொந்தக் கோவில் கட்டப் பணம் திரட்டினார்கள். அங்கேதான் ஆலனுக்குச் சோதனை வந்தது. பெரும்பாலோர் மெதடிஸ்டு சபையே வேண்டாம், எபிஸ்கோப்பல் சபையில் சேர்வோம் என்றார்கள். ஆலனையே போதகராகவும் அழைத்தார்கள்.

ஆலன் மறுத்துவிட்டார். ஏழைக்கும், எழுத்தறியாதவனுக்கும் புரிகிற பேச்சு மெதடிஸ்டு பேச்சுதான் என்பது அவர் உறுதி. தவறு செய்தவர்கள் நிர்வாகிகள், சபையின் போதனை அல்ல என்று எண்ணினார். அந்தப் பதவி ஜோன்சுக்குப் போனது. ஆனாலும் இருவர் நட்பும் முறியவில்லை.

1793-ல் நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. சுமார் 5 ஆயிரம் பேர் மாண்டார்கள். வசதி உள்ளவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். கறுப்பர்களை இந்த நோய் தொடாது என்று டாக்டர்கள் தவறாக நம்பி, உதவி கேட்டார்கள். ஆலனும் ஜோன்சும் ஆட்களைத் திரட்டி, நோயாளிகளைக் கவனித்தார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். கறுப்பர்களும் நோயில் இறந்தார்கள். ஆலனும் நோயில் விழுந்து பிழைத்தார். இவ்வளவுக்கும் பிறகு, கறுப்பர்கள் பணம் பறித்தார்கள் என்று ஒருவர் எழுதினார். நண்பர்கள் இருவரும் வரவு செலவுக் கணக்கோடு பதில் புத்தகம் வெளியிட்டார்கள்.

பட்டறை வந்தது

ஆறாவது தெருவில் ஆலன் ஏற்கனவே ஒரு மனை வாங்கியிருந்தார். பழைய கொல்லன் பட்டறை ஒன்றை விலைக்கு வாங்கினார். குதிரைகளைப் பூட்டி அதை மனைக்கு இழுத்து வந்தார். தச்சர்கள் அதைக் கோவிலாக்கினார்கள். 1794-ல் பிஷப் பிரான்சிஸ் ஆஸ்பரி வந்து திறந்துவைத்தார். பெத்தேல் என்று பெயர் சூட்டினார்கள். தேவனுடைய வீடு என்பது அதன் பொருள்.

வீடு கிடைத்தது, சாவி யாரிடம்? அடுத்த 20 ஆண்டுப் போராட்டம் அதுதான்.

1796-ல் எழுதிய பத்திரத்தில், சொத்து வெள்ளைக்காரத் தலைமைக்குச் சேரும்படி செய்யப்பட்டிருந்தது. நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் பின்னால்தான் அதை உணர்ந்தார்கள். 1807-ல் பத்திரத்தைத் திருத்தினார்கள். தலைமை சாவியையும் கணக்குப் புத்தகங்களையும் கேட்டது. சபை கொடுக்கவில்லை. கோவில் ஏலத்துக்கு வந்தபோது, தாங்கள் கட்டிய கோவிலை ஆலன் பெரும் தொகை கொடுத்து மீண்டும் வாங்க நேர்ந்தது!

பிறகும், தலைமை அனுப்பிய ஒருவர் பிரசங்கம் செய்ய வந்தார். சபையார் வழி நெடுக நெருங்கி நின்றார்கள். அவரால் பிரசங்க பீடத்தை எட்ட முடியவில்லை. அவர் பென்சில்வேனியா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1816 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பெத்தேல் வென்றது.

அதே ஆண்டு ஏப்ரலில் பல ஊர்க் கறுப்பர் சபைகள் பிலடெல்பியாவில் கூடி, ஆப்பிரிக்க மெதடிஸ்டு எபிஸ்கோப்பல் சபையை நிறுவின. ஆலன் அதன் முதல் பிஷப் ஆனார். அடிமையாகப் பிறந்து விடுதலை அடைந்த சாரா, அவருக்கு வாழ்க்கைத் துணை. தூர ஊர்களிலிருந்து கந்தல் உடையோடு வந்த போதகர்களுக்குச் சோறு போட்டு, துணி தைத்துக் கொடுத்தவர் அவர்.

1831 மார்ச் 26-ந்தேதி ஆலன் காலமானார். அவர் உடல் பெத்தேல் கோவிலின் நிலவறையில் இருக்கிறது. அந்த மனையில் இப்போது நிற்பது நான்காவது கட்டடம். கட்டடங்கள் மாறின, மனை கைமாறவில்லை.

ஓரிரு வாரம் தங்க வந்தவர் 45 ஆண்டு தங்கினார். அவர் சேர்த்த சபை இன்னும் அங்கேயே ஜெபிக்கிறது. யாரும் அவர்களை எழுப்ப முடியாது.