கோவை ஜி. டி. நாயுடு

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்காலில் உப்புக் காற்றுக்கு இரையாகாத உலோகம் அரிது. இரும்பில் துரு ஏறுகின்றது. செம்பிற் களிம்பு பூக்கின்றது. இத்தகைய கடற்கரை வீடொன்றில், சி. பி. எனப்படும் பொதுமக்கள் அலைவரிசையில், 27 மெகாஹெர்ட்ஸ் அளவில், பேசவும் கேட்கவும் உதவும் பழைய வானொலிப் பெட்டி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் முகப்பிலே அலைவழியின் எண்ணை ஒளியாற் காட்டும் சிறு கண்ணாடி ஒன்றுண்டு. ஏழு ஒளிக்கோடுகள் கூடியே ஓர் இலக்கம் ஆகின்றது. நடுக்கோடு அணைந்துவிடின் 8 என்பது 0 எனத் தோன்றும். 18-ஆம் வழியில் நின்று பேசுவோன், தான் 10-ஆம் வழியில் நிற்பதாக மயங்குவான். ஏனைய உறுப்புகளெல்லாம் செவ்வனே இருப்பவும், இவ்வொரு கோட்டின் குறையால் பெட்டியையே குப்பையில் எறிவாரும் உளர். திறந்து நோக்கிக் குறையின் மூலத்தைத் தேடுவாரும் உளர். பின்னவர்க்கு நம் தமிழகத்தில் ஒரு முன்னோடி உண்டெனின், அவர் கோவை ஜி. டி. நாயுடு அவர்களே. அன்னாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், கோபால்சாமி நாயுடு என்னும் உழவர்க்கு மகனாக 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். பள்ளியில் அவர் மனம் செல்லவில்லை. தொடக்க வகுப்புகளோடு அவரது பள்ளிப்படிப்பு முடிந்தது. கல்லூரி வாயிலை மிதித்திராத இவரே பின்னாளில் ஒரு பொறியியற் கல்லூரி தோன்றக் காரணரானார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

இளைஞராய் இருந்த காலத்தே அவர் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிள் ஏறி அவ்வூர் வழியே வந்தார். மாடும் குதிரையும் இழுக்காத வண்டி தானே ஓடுவதைக் கண்ட துரைசாமிக்கு அதன் உள்ளிருப்பதை அறியவேண்டும் என்னும் வேட்கை மூண்டது. கையிற் பொருளில்லை. கோயமுத்தூர் சென்று ஓர் உணவு விடுதியிற் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அத்தகைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊரார் மெச்ச அதில் உலாவந்து மகிழ்ந்ததோடு நின்றாரல்லர். உறுப்பு உறுப்பாகக் கழற்றினார். ஒவ்வொன்றின் தொழிலையும் நோக்கினார். மீண்டும் பூட்டி ஓட்டினார். அவ்வண்டியே அவருக்குப் பள்ளியாயிற்று. கழற்றிய ஒவ்வோர் உறுப்பும் ஒரு பாடமாயிற்று.

ஈண்டு மாணாக்கர் ஒன்றை உய்த்துணர வேண்டும். கழற்றுதல் எவர்க்கும் எளிது, குழந்தையும் செய்யும். கழற்றியதை முன்போல் பூட்டுதலே அறிவின் உரைகல். எந்த உறுப்பு எதனோடு இயைந்தது என்பதை நினைவில் வைத்தவனுக்கன்றி அது கைகூடாது.

பருத்தி வாணிகத்தில் இறங்கி ஆக்கமும் கேடும் கண்ட பின்னர், 1920-ஆம் ஆண்டு நாயுடு அவர்கள் மோட்டார் வண்டி ஒன்றைப் பெற்றுப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே மக்களை ஏற்றிச் செல்லலானார். முதலில் அவரே ஓட்டுநர். ஒரு வண்டி பலவாகி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரு நிறுவனமாக அது வளர்ந்தது. நடுவழியில் வண்டி நின்றுவிடின் பயணிகள் படும் துன்பத்தைச் சொல்லவேண்டுவதில்லை. யந்திரத்தின் இயல்பறிந்தவரே உரிமையாளராயும் இருந்தது அத்தொழிலுக்குப் பெருந்துணையாயிற்று.

பின்னர் அவர் நோக்கம் பழுது நீக்குவதினின்றும் புதியன படைப்பதிற் சென்றது. 1937-ஆம் ஆண்டு கோவையைச் சார்ந்த பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு கூடி, இந்தியாவிலேயே செய்யப்பெற்ற முதல் மின்சார மோட்டார் வெளிவர வழிசெய்தார். உலர்ந்த மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி எனப் பல பொருள்கள் அவர் கைவழி உருவாயின. வானொலியையும் அவர் விட்டாரல்லர். வானொலிப் பெட்டி செல்வர் மனைக்கே உரியதாய் இருந்த 1941-ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் கொண்ட பெட்டியை 70 ரூபாய்க்கு இந்நாட்டிலேயே செய்துதர இயலும் என அறிவித்தார். ஏழையின் குடிலிலும் உலகச் செய்தி ஒலிக்கவேண்டும் என்பது அவ்விலையிற் பொதிந்த கருத்து.

தாம் கற்றதைப் பிறர்க்கு வழங்கவும் அவர் விரும்பினார். 1945-ஆம் ஆண்டு, சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோவையிற் பொறியியற் கல்லூரி தோன்றுவதற்கு அவர் முதற்காரணராய் நின்றார். நான்கு ஆண்டுப் பாடத்தை இரண்டே ஆண்டுகளிற் கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அரசினர் அதற்கு இசையாமையின் அவர் விலகினார். அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாய்த் திகழ்கின்றது. 1952-ஆம் ஆண்டு இருவர் செல்லத்தக்க சிறு காரை 2,000 ரூபாய் விலையில் விற்கத்தக்கதாக அமைத்தார்; அதற்கும் உரிமம் கிட்டவில்லை. வரிச்சுமையையும் தடைகளையும் பொறாராய், தாம் செய்த பொருள்களைப் பொதுமேடையில் உடைத்துக் காட்டிய நாளும் உண்டு. பூட்டுதலையே தொழிலாகக் கொண்ட கைகள் உடைக்கத் துணிந்தமை கண்டு வருந்தியோரும் கடிந்தோரும் பலர். அச்செயலை நாமும் போற்றவேண்டுவதில்லை. அதன் அடியிலிருந்த மனப்புண்ணை மட்டும் அறிதல் நன்று. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இனி, முதலிற் கூறிய வானொலிப் பெட்டிக்கு மீள்வோம். நாயுடு அவர்கள் மோட்டார் சைக்கிளை அணுகியவாறே அதனையும் அணுகலாம். முதற்கண் மின்தொடர்பை நீக்குக. மூடியைக் கழற்றுமுன் திருகாணிகளின் இடத்தையும் கம்பிகளின் நிறத்தையும் குறித்துக்கொள்க. எண்கள் முற்றும் இருண்டனவாயின், அங்கு மின்சாரம் வருகின்றதா என முதலில் ஆராய்க. இரண்டு இலக்கங்களிலும் ஒரே கோடு மறைந்ததாயின், இரண்டிற்கும் பொதுவான வழியிற் குறையிருத்தல் கூடும். ஓரிலக்கத்தில் ஒரு கோடு மட்டும் மறைந்ததாயின், அக்கோட்டிற்குரிய காலையும் அதன் ஈயப் பற்றவைப்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. மயிரிழை போன்ற வெடிப்போ, உப்புக் களிம்போ அங்குப் புலப்படலாம். களிம்பைத் துடைத்து, வெடிப்பை மீண்டும் ஈயத்தாற் பற்றவைத்தால் அணைந்த கோடு ஒளிர்தல் கூடும். ஒளியுறுப்பே கெட்டிருப்பின் அதனை மட்டும் மாற்றினாற் போதும்.

மாணாக்க நண்பர்காள்! சிறு குறை கண்டு முழுப்பொருளை ஒதுக்குவது அறிவுடைமையன்று. உணவு விடுதியில் இலையெடுத்துச் சேர்த்த காசால் ஒரு யந்திரத்தை வாங்கி, அதனையே ஆசானாகக் கொண்டவரை நினைமின். நும் வீட்டில் வாய்மூடிக் கிடக்கும் பெட்டியொன்றை இவ்விடுமுறையில் திறந்து பார்மின். ஆனால் கழற்றியதைப் பூட்டாமல் எழாதீர்.