கல்வியமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத்

நமது புதுவை அரசுப் பள்ளிகள் அண்மையில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திற்கு மாறின. பிள்ளைகளால் ஈடுகொடுக்க இயலுமா என்ற கவலை பெரிய மார்க்கெட் வட்டாரப் பெற்றோரிடமும் எழுந்தது. இவ்வேளையில், நாடு முழுமைக்கும் கல்வியை மாற்றியமைக்க முனைந்த மௌலானா ஆசாத் அவர்களின் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமென எண்ணுகிறோம்.

அன்னார் 1888 நவம்பர் 11 அன்று புனித மக்காவில் பிறந்தார், வளர்ந்தது கல்கத்தாவில். தந்தையார் மௌலானா கைருத்தீன் அவர்கள் மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அரபி, பாரசீகம், தர்க்கம், மார்க்கக் கல்வி யாவும் பழைய முறைப்படி வீட்டிலேயே கற்பிக்கப்பட்டன. பின்னர் சர் சையது அஹ்மது கானின் எழுத்துக்களைப் படித்த இளைஞர் ஆசாத், நவீன அறிவியலும் தத்துவமும் அறியாத கல்வி நிறைவானதன்று எனத் தெளிந்து, தம் முயற்சியால் ஆங்கிலம் பயின்றார். ஆகவே, பாடத்திட்டத்தின் குறையை அவர் முதலில் கண்டது தம்மிடத்திலேயே ஆகும்.

1916 முதல் 1919 வரை ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டிருந்த காலத்திலும் அங்கு ஒரு மதரஸாவை நிறுவினார்.

சுதந்திர இந்தியாவின் முதல் கல்வியமைச்சராக அவர் பொறுப்பேற்றபோது நிலைமை கவலைக்குரியதாய் இருந்தது. 1951 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் 18 பேரே எழுத்தறிவு பெற்றிருந்தனர். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பள்ளிக்கல்வியோ மனப்பாடத்தையும் தேர்வையும் சுற்றியே இயங்கியது. கைத்தொழிலுக்கு அதில் இடம் அரிது. எனவே 1952இல், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக்குழு அமைக்கப்பட்டது. மறு ஆண்டில் அறிக்கை வந்தது. அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் எனப் பலபிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகளை அது பரிந்துரைத்தது.

ஆயினும் தடைகள் பல இருந்தன. கல்வி அன்று மாநிலங்களின் அதிகாரத்தில் இருந்தது. 1976இல்தான் பொதுப்பட்டியலுக்கு வந்தது. ஆகவே மத்திய அமைச்சரால் அறிவுறுத்த முடிந்ததேயன்றி ஆணையிட முடியவில்லை. நிதி போதவில்லை. புதிய பாடங்களைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் தொழிற்கூடங்களும் குறைவு. பல்நோக்குப் பள்ளிகள் எதிர்பார்த்த அளவு வேரூன்றவில்லை. 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளில் வழங்க முயல வேண்டுமென அரசியல் சட்டம் வகுத்த இலக்கும் எட்டப்படவில்லை. அதற்கான சட்டம் 2009இல்தான் பிறந்தது.

1954 நவம்பர் 1 அன்று நமது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தபோதும் அன்னாரே கல்வியமைச்சர். பிரெஞ்சுக் கல்வி வேரூன்றிய நமதூரிலும் பாடத்திட்டம் படிப்படியாக மாறியதை மூத்தோர் அறிவர்.

1958 பிப்ரவரி 22 அன்று அன்னார் வஃபாத்தானார்கள். அவர்கள் பிறந்த நாள் 2008 முதல் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

புத்தகத்தை ஓராண்டில் மாற்றிவிடலாம்; ஆசிரியரையும் வீட்டுச் சூழலையும் அவ்வாறு மாற்ற இயலாது என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை. அந்த இடைவெளியில் தடுமாறுவது நம் பிள்ளைகளே. கடையடைத்து வந்தபின் நாள்தோறும் சிறிது நேரம் அவர்களின் பாடத்தைக் கேட்டறிவதும், கற்றோர் மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கும் துணைநிற்பதும் ஜமாஅத்தார் அனைவரின் கடமையாகும்.

மௌலானா அவர்களின் நற்பணிகளை அல்லாஹ் ஏற்றருள்வானாக! ஆமீன்.