மண்ணுக்குள் புதைந்த ஏடுகள்

1946ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள். போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவில், நவோலிப்கித் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்த இடத்தைச் சிலர் அகழ்ந்துகொண்டிருந்தனர். பள்ளிக்கூடமும் இல்லை, தெருவும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை செங்கல் மேடுதான். அந்த மேட்டின் அடியிலிருந்து பத்துத் தகரப் பெட்டிகள் வெளிவந்தன. பெட்டிகளுள் நீர் புகுந்திருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சணம் பூத்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தினர். அந்தத் தாள்களைச் சேர்த்துவைத்த பெருமகனார் அப்போது உயிரோடு இல்லை. அவர்தாம் எம்மானுவேல் ரிங்கல்புளூம்.

அவர் பிறந்தது 1900ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்திருந்த புச்சாச் என்னும் சிற்றூரில். (இன்று அவ்வூர் உக்ரேனில் உள்ளது.) முதல் உலகப் போர் மூண்டதும் குடும்பம் மேற்கே இடம்பெயர்ந்தது. வார்சா பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, இடைக்கால வார்சாவில் வாழ்ந்த யூதர்களைப் பற்றி ஆராய்ந்து 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளி ஆசிரியர் வேலை. மனம் முழுவதும் ஆராய்ச்சியில்.

அந்த நாளில் யூத மக்களிடையே எழுந்த ஒரு புதிய எண்ணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அரசும் படையும் இல்லாத ஒரு மக்களுக்கு ஆவணக் களரியை யார் அமைத்துத் தருவார்? தம் வரலாற்றைத் தாமே திரட்ட வேண்டும் என்று அறிஞர்கள் முடிவு செய்தனர். அதற்கென 1925இல் வில்னா நகரை இருப்பிடமாகக் கொண்டு ‘யீவோ’ என்னும் ஆய்வு நிறுவனம் தோன்றியது. தையற்காரரும் கடைக்காரரும் பள்ளி மாணவரும் அதற்காகப் பழமொழிகளையும் பாட்டுகளையும் ஊர்ப் பதிவேடுகளையும் திரட்டி அனுப்பினர். இளைஞர்கள் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதப் போட்டிகள் நடந்தன. யூதர் என்றால் யார், அவர் எப்படி வாழ்கிறார் என்பதை அம்மக்களே ஆராய்ந்து சொன்ன காலம் அது. ரிங்கல்புளூம் இந்தப் பள்ளியில் வளர்ந்தவர்.

1938இல் ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட போலந்து யூதர் ஏறத்தாழ 6,000 பேர் எல்லையூராகிய ஸ்பான்ஷினில் தவித்தபோது, துயர்துடைப்புப் பணிக்கு அவர் சென்றார். சோறும் போர்வையும் கொடுத்ததோடு, அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டும் திரட்டினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவில் ஒரு மாநாட்டில் இருந்தார். போர் மேகம் சூழ்ந்த நேரம். வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. வார்சாவுக்கே திரும்பினார். செப்டம்பர் முதல் நாள் போர் தொடங்கியது.

1940 நவம்பரில் வார்சாவின் யூதர்களை ஒரு மதிலுக்குள் அடைத்துப் பூட்டினர். கெட்டோ என்று அதற்குப் பெயர். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், ஒரு சதுர மைல் சொச்சம் நிலம்! அதே மாதத்தில் ரிங்கல்புளூம் தம் தோழர்களைக் கூட்டினார். சனிக்கிழமைதோறும் கூடியதால் அக்குழுவுக்கு ‘ஓய்னெக் ஷாபெஸ்’, அதாவது ஓய்வுநாள் மகிழ்ச்சி, என்று பெயர். பெயரைக் கேட்பவர் வழிபாட்டுக் கூட்டம் என்றே எண்ணுவர்.

அவர்கள் செய்ததோ சமூக ஆராய்ச்சி. அதுவும் முறையான ஆராய்ச்சி. வினா நிரல்கள் வகுத்தனர். ஊர் ஊராக வந்து குவிந்த அகதிகளைப் பேட்டி கண்டனர். பெண்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள், கடத்தல் வாணிகம் எப்படி நடக்கிறது, தெருப்பிள்ளைகள் எங்கே உறங்குகிறார்கள் என்று தலைப்புத் தலைப்பாக ஆய்ந்தனர். டிராம் சீட்டு, பங்கீட்டு அட்டை, மிட்டாய்த் தாள் வரை எதையும் விடவில்லை. தம் மக்களின் குறைகளையும் மறைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. யூதக் காவலர்கள் செய்த கொடுமையைக் கடுமையாகவே எழுதிவைத்தார் ரிங்கல்புளூம். புகழ்பாடும் ஏடாக இருந்தால் பின்னாளில் யார் நம்புவார்?

ராக்கேல் அவுவர்பாக் என்னும் எழுத்தாளரைப் பொதுக் கஞ்சிக்கூடம் ஒன்றை நடத்தும்படி கேட்டுக்கொண்டவரும் அவரே. அந்த அம்மையார் அக்கூடத்தைப் பற்றியும் எழுதினார். அங்கே தரும் கஞ்சியை மட்டும் நம்பியவர் ஒருவரும் பிழைக்கவில்லை என்று கண்டார். எல்லோருக்கும் ஒரு கரண்டி ஊற்றி எல்லோரையும் சாகவிடுவதா, சிலருக்கு வயிறார ஊற்றிச் சிலரையாவது காப்பதா என்ற கேள்வி ரிங்கல்புளூமையும் வாட்டியது. அதற்கு அவர் விடை காணவில்லை. கேள்வியை மட்டும் குறித்துவைத்தார்.

1942 தொடக்கத்தில் ஹெல்ம்னோ கொலைக்களத்திலிருந்து தப்பிய ஒருவர் கெட்டோவுக்கு வந்து சேர்ந்தார். அவர் வாக்குமூலத்தைக் குழுவினர் எழுதியெடுத்துப் போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் கையில் சேர்த்தனர். கொலைச் செய்தி இலண்டனை எட்டியது. ஜூனில் வானொலியிலும் ஒலித்தது. ஆனால் கொலை நிற்கவில்லை. ஜூலை 22 முதல் இரண்டு மாதத்துக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ட்ரெப்ளிங்காவுக்கு ஏற்றிச் சென்றனர். அந்த அமளியில்தான், ஆகஸ்டு 3ஆம் நாள், லிச்டென்ஷ்டைன் என்னும் ஆசிரியர் இரண்டு இளைஞர்களைத் துணைகொண்டு தகரப் பெட்டிகளைப் பள்ளிக்கூட நிலவறையில் புதைத்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் எஞ்சியவற்றை இரண்டு பால் கேன்களில் அடைத்துப் புதைத்தனர்.

1943இல் ரிங்கல்புளூம் மனைவி யூதிட்டோடும் மகன் ஊரியோடும் மதிலுக்கு வெளியே ஒளிந்தார். எனினும் ஏப்ரல் எழுச்சியின்போது உள்ளே சென்றிருந்து பிடிபட்டு, திராவ்னிக்கி முகாமுக்கு அனுப்பப்பட்டார். தோழர்கள் அவருக்கு இரயில்வே ஊழியர் வேடமிட்டு மீட்டு வந்தனர். ஒரு தோட்டத்தின் அடியில் தோண்டிய நிலவறையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நெருங்கிக் கிடந்தனர். அங்கேயும் அவர் பேனா ஓயவில்லை. போர்க்காலத்தில் போலந்து மக்களும் யூதரும் எப்படிப் பழகினர் என்று ஒரு நூலையே எழுதினார். 1944 மார்ச்சு 7ஆம் நாள் நிலவறை காட்டிக்கொடுக்கப்பட்டது. சிறையில் வேலையாளாகச் சேர்த்து அவரை மட்டும் காப்பாற்ற முடியும் என்று சில கைதிகள் முன்வந்தார்களாம். மனைவியும் மகனும் என்ன ஆவார்கள் என்று கேட்டாராம். விடையறிந்து மறுத்துவிட்டார் என்று அச்சிறையிலிருந்து மீண்ட ஒருவர் எழுதியுள்ளார். சில நாள்களுள் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். புகலிடம் தந்த போலந்துக்காரர்களும் தப்பவில்லை.

குழுவில் ஏறத்தாழ அறுபது பேர் உழைத்தனர். பிழைத்தவர் மூவரே: ராக்கேல் அவுவர்பாக், ஹெர்ஷ் வாசர், அவர் மனைவி புளூமா. புதையல் இருந்த இடத்தை அறிந்து சொன்னவர் வாசர்தாம். பால் கேன்கள் 1950 டிசம்பரில் கிடைத்தன. அவற்றுள் ஈரம் புகவில்லை. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 35,000 பக்கங்கள் வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் உள்ளன. 1999இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மூன்றாவது பகுதி ஒன்றும் உண்டு. அது ஷ்வியெந்தோயெர்ஸ்காத் தெருவில் புதைக்கப்பட்டது. அந்த இடத்தில் பின்னாளில் சீனத் தூதரகம் எழுந்தது. 2003இல் அதன் தோட்டத்தைத் தோண்டிப் பார்த்தனர், ஒன்றும் அகப்படவில்லை.